நியோஃப்ளை, நியோபோல்ட்: உட்காருகிறவருக்காகச் செய்த வீல்சேர்

காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, டேபிள் ஃபேன், வீட்டுத் தண்ணீர் மோட்டார், இதுதான் வேலை. அதற்கு முன்னால் கட்டடங்களில் ஒயரிங் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். இரண்டாவது மாடியில் வேலை நடக்கும்போது சாரம் சரிந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகளும் தோளும் நன்றாக இருக்கின்றன.

சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃப்ளை வீல்சேரும், அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மோட்டார் பகுதியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. தெருவில் போகும்போது பார்க்கிறவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள். பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வாங்கலாமா, போலியோ வந்த அக்காவுக்குச் சரிவருமா, விலை என்ன, மழையில் ஓடுமா என்று. நடுரோட்டில் வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொல்ல முடிவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பலம் இருந்து, தானே வெளியே போய்வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். எனக்குத் தெரிந்து நம் ஊரில் இந்த விலைக்குள் இதைவிட நல்லது இல்லை. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. அதையும் கீழே சொல்கிறேன்.

பழைய வீல்சேரைப் பற்றிச் சொல்லாமல் இதன் அருமை புரியாது. விபத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் வாங்குவதைத்தான் நாங்களும் வாங்கினோம். குரோம் பூச்சு போட்ட இரும்புக் குழாய், கறுப்பு ரெக்சின் சீட்டு, நடுவில் எக்ஸ் மாதிரி மடங்கும் சட்டம். மருத்துவமனை வராந்தாவிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் நீங்கள் பார்க்கிற அதே நாற்காலி. எல்லாருக்கும் ஒரே அகலம். என் இடுப்புக்கு அது அகலம் அதிகம். இரண்டு பக்கமும் இடம் இருந்ததால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். ரெக்சின் நாளாக ஆகத் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிடும், அப்போது தொடைகள் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். உணர்வு இல்லாததால் எனக்கு வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. எந்த இடத்தில் எலும்பு அழுத்துகிறதோ அங்கே புண் வரும், வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். தண்டுவடத்தில் அடிபட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் பயம் பெட் சோர்தான்.

இயந்திரம் பார்க்கிறவன் கண்ணோடு அந்த நாற்காலியைப் பார்த்தேன். பின்சக்கரத்தின் அச்சு, முதுகு சாயும் குழாய்க்கு நேர் கீழே இருக்கிறது. அப்படி வைத்தால் நாற்காலி பின்னால் கவிழாது, அது உண்மை. ஆனால் உட்காருகிறவரின் எடை நிறைய முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் மேல் விழும். சின்னச் சக்கரத்தில் எடை ஏறினால் கொஞ்சம் மணல் போதும், சிறிய கல் போதும், அப்படியே நின்றுவிடும். கையை ரொம்பப் பின்னால் கொண்டுபோய்த்தான் சக்கரத்தைப் பிடிக்க முடியும், அதனால் ஒவ்வொரு தள்ளலும் குட்டையாக இருக்கும். நூறு அடி போக நிறையத் தடவை தள்ள வேண்டும். நடக்க முடியாதவனுக்குத் தோள்தான் கால். அந்தத் தோளையே தேய்க்கிற அமைப்பு அது.

அதே நாற்காலியைப் பின்னால் நின்று பார்த்தால் எல்லாம் வசதியாக இருக்கும். பிடிக்க இரண்டு கைப்பிடி, நல்ல உயரத்தில். ஒரு நிமிடத்தில் மடக்கிக் காரில் போடலாம். யார் வந்தாலும் உட்கார வைத்துத் தள்ளலாம். மருத்துவமனைக்கு இதுதான் வேண்டும். அங்கே நோயாளி அரை மணி நேரம் உட்காருவார், தள்ளுவதற்கு ஆள் இருப்பார். காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை அதிலேயே வாழ்கிற ஒருவரை மனதில் வைத்துச் செய்தது அல்ல அது. இத்தனைக்கும் மடக்கும் நாற்காலியின் கதை ஒரு பயனாளரிடமிருந்துதான் தொடங்கியது. 1918-இல் அமெரிக்காவில் சுரங்க விபத்தில் முதுகெலும்பு உடைந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவர், காரில் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். இன்ஜினியரான நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து 1933-இல் அந்த எக்ஸ் சட்டத்தைச் செய்தார். உட்காருகிறவர் தனக்காகக் கேட்டுச் செய்த பொருள்தான் அது. பிறகு உலகம் முழுவதும் ஒரே அளவில் வார்த்து அடுக்கப்பட்டபோது அந்த ஆளே அதிலிருந்து காணாமல் போய்விட்டார்.

நியோஃப்ளை வாங்கும்போது நடந்த வித்தியாசம் அங்கேதான் தொடங்கியது. பணம் கட்டினால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதலில் அளவு கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் வீட்டுக்கு வந்து டேப் வைத்து எடுத்தார். இடுப்பு அகலம், பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை தொடையின் நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை, உட்கார்ந்தபடி தோள்பட்டை எலும்பின் கீழ்முனை எந்த உயரம் என்று ஒவ்வொன்றாக. "அண்ணா, முதுகுல எதுவரைக்கும் உணர்வு இருக்கு? அதுக்குத் தகுந்த மாதிரிதான் சாயற இடத்தோட உயரம் வைக்கணும்" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு நாற்காலிக்காக என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. என் மனைவி பக்கத்தில் நின்று, "சட்டைக்கு எடுக்கிற மாதிரி எடுக்கிறாங்களே" என்று சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

நியோஃப்ளையில் 18 விதமாக மாற்றி அமைக்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. சீட்டின் அகலம், ஆழம், முதுகின் உயரம், கால் பலகையின் உயரம், பின்சக்கரம் எங்கே வர வேண்டும் என்பது வரை. பின்சக்கரத்தின் இடம்தான் இதில் உயிர்நாடி. எனக்கு அது கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. இப்போது கையைத் தொங்கவிட்டால் விரல்கள் நேராகச் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் போகின்றன. ஒரு தள்ளலில் போகிற தூரம் கூடிவிட்டது. எடை பின்சக்கரத்தில் நிற்பதால் முன்சக்கரம் சின்ன மேட்டில் லேசாக ஏறி இறங்குகிறது. கடை வாசலில் ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான ஷட்டர் தண்டவாளம் உண்டு. பழைய நாற்காலியில் அதைத் தாண்ட பக்கத்து டீக்கடைப் பையனைக் கூப்பிட வேண்டும். இப்போது முன்பக்கத்தை லேசாகத் தூக்கி நானே உள்ளே போகிறேன். அவன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போகிறான்.

அகலம் குறைந்ததில் இன்னொரு லாபம். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு ரொம்பக் குறுகல். பழைய நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையாது, அதனால் சமையலறைக்குள் நான் போனதே இல்லை. இப்போது போகிறேன். காலையில் டிகாக்ஷன் இறக்குவது என் வேலையாகிவிட்டது. சின்ன விஷயம் என்று தோன்றலாம். அந்த அறையில் மனைவி தனியாக நின்று வேலை செய்துகொண்டிருக்க, நான் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறவனுக்கு அது சின்னதில்லை.

சரி, நியோபோல்ட்டுக்கு வருகிறேன்.

இது ஒரு முன்சக்கரம், ஒரு மோட்டார், லித்தியம் அயான் பேட்டரி, ஸ்கூட்டர் மாதிரி ஒரு ஹேண்டில்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதன் முன்னால் போய் நின்று, மாட்டிப் பூட்டினால் நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பிவிடும். பிறகு அது மூன்று சக்கர வண்டி. முறுக்கினால் போகும், பிரேக் பிடித்தால் நிற்கும், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் உண்டு. அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஒரு முறை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் வரை போகும் என்கிறது நிறுவனம். எந்த பேட்டரி வண்டியிலும் ஆளின் எடை, ஏற்றம், டயரில் காற்று இவற்றைப் பொறுத்துத் தூரம் மாறும். அதனால் போக வர இரண்டையும் கணக்குப் போட்டு, பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் கிளம்புகிறேன். வேலூர் டவுனுக்கு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் வருவதற்கு அது தாராளமாகப் போதும். வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போடலாம்.

இதன் பெரிய சிறப்பு வேகத்தில் இல்லை. அரசு கொடுக்கிற பக்கவாட்டுச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால்தான் அது புரியும். அந்த ஸ்கூட்டர் எத்தனையோ பேருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கம்பு ஊன்றி நாலடி நடக்க முடிந்தவர்களுக்கு அது அருமையான வண்டி. ஆனால் என்னைப் போல் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாதவன் முதலில் வீல்சேரிலிருந்து ஸ்கூட்டர் சீட்டுக்கு மாறி உட்கார வேண்டும். வீல்சேர் வீட்டிலேயே நின்றுவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்வது? ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து, "தம்பி, அந்த சாமானைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்து காட்டுப்பா" என்று கூப்பிட வேண்டும். காப்பர் ஒயர் வாங்கும் கடையில் நான் பல வருடம் வாசலில் இருந்தே வியாபாரம் பேசியிருக்கிறேன். உள்ளே என்ன கேஜ் புதிதாக வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்ததில்லை.

நியோபோல்ட்டில் நான் என் நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை. கடை வாசலில் நிறுத்தி, முன்பகுதியைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகிறேன். மாறி உட்கார வேண்டிய அவசியம் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை குறைகிறது. தோளுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று கையால் உடம்பைத் தூக்கி மாறி மாறி உட்காருகிறவர்களுக்குத் தெரியும். சென்னையில் சொமாட்டோ டெலிவரி வேலையை இந்த வண்டியில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக் கதவு வரை அவர்களே போவதும் இந்தக் காரணத்தால்தான் நடக்கிறது.

விலை. 2021 ஆகஸ்டில் ஐஐடி இவற்றை அறிமுகப்படுத்தியபோது நியோஃப்ளை 39,900 ரூபாய், நியோபோல்ட் 55,000 ரூபாய். சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெளிநாட்டிலிருந்து வருகிற இந்த வகை வண்டிகள் இதைவிடப் பல மடங்கு விலை என்று அப்போது சொன்னார்கள். இப்போதைய விலையை நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் என்பது நம்மில் பெரும்பாலோருக்குப் பெரிய தொகைதான். தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் நிறையப் பேர் என்னைப் போல் கூலி வேலையில் விழுந்தவர்கள், வீட்டில் சம்பாதித்த ஒரே ஆள். அவர்கள் கையிலிருந்து எடுத்து வாங்க முடியாது. அறக்கட்டளைகள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, ஊர் சங்கங்கள் மூலம்தான் பலர் வாங்குகிறார்கள். எனக்கும் பாதித் தொகை அப்படித்தான் வந்தது. இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாவிட்டால் முதலில் நாற்காலியை வாங்குங்கள். பொருந்துகிற நாற்காலி முதலில், மோட்டார் பிறகு.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி, சாதன உருவாக்க மையம் இருக்கிறது. ஆர்டூடிடூ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கிருந்து 2019 நவம்பரில் அரைஸ் என்ற நிற்கும் வீல்சேர் வந்தது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. உட்கார்ந்திருப்பவர் தன் கை விசையாலேயே நாற்காலியோடு எழுந்து நிற்கலாம், திரும்ப உட்காரலாம். சென்னையில் இருக்கும் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அதைத் தயாரித்தது. இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட் நிதி கொடுத்தது. அப்போது விலை சுமார் 15,000 ரூபாய். காலில் எடை விழ நிற்பது எங்களுக்கு மருந்து மாதிரி. எலும்பு, ரத்த ஓட்டம், சிறுநீர் இறங்குவது எல்லாவற்றுக்கும் நல்லது, புட்டத்துக்கும் அழுத்தத்திலிருந்து விடுதலை. நான் ஒரு முகாமில் அதில் நின்று பார்த்தேன். சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டை நேருக்கு நேர் பார்த்தேன், கீழிருந்து அண்ணாந்து பார்க்கவில்லை. ஒயரிங்காரனுக்கு அது என்ன உணர்வு என்று சொல்லத் தெரியவில்லை.

2022-இல் அதே மையத்திலிருந்து கதம் என்ற செயற்கை முழங்கால் வந்தது, பெங்களூரு மொபிலிட்டி இந்தியா போன்ற அமைப்புகளோடு சேர்ந்து செய்தது. அது 160 டிகிரி வரை மடங்கும். ஏன் அவ்வளவு? பஸ்ஸிலும் ஆட்டோவிலும் நெருக்கி உட்கார வேண்டியிருப்பதால். வெளிநாட்டு முழங்காலை வாங்கிப் பிரித்துப் பார்த்து நகல் எடுத்தால் இந்தக் கேள்வி வந்தே இருக்காது. நம் ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்கிறவரிடம் போய்ப் பேசினால்தான் வரும். 2025 ஜூலையில் ஒய்டி ஒன் என்று 9 கிலோ எடையில் ஒரு வீல்சேரையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இரும்பு நாற்காலியைத் தூக்கிக் காரில் போட்டுப் பழகிய வீட்டாருக்கு அந்த ஒன்பதின் அர்த்தம் தெரியும்.

நியோமோஷன் இந்த மையத்திலிருந்து முளைத்த நிறுவனம். பேராசிரியர் சுஜாதாவும் அவரிடம் படித்த ஸ்வஸ்திக் சௌரவ் தாஷும் தொடங்கியவர்களில் இருக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: மாணவரின் ஆராய்ச்சி அறிக்கையோடு அது முடிந்துவிடவில்லை. அளவு எடுக்க ஆள், தயாரிக்க இடம், உதிரி பாகம், பழுது வந்தால் எடுக்கிற ஃபோன், இவை வரை யாரோ தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அது என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வீல்சேர் வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது. ஆளைப் பார்த்து மதிப்பிடுவது, பொருத்துவது, ஓட்டப் பழக்குவது, பிறகும் தொடர்ந்து பார்ப்பது, எல்லாம் சேர்ந்ததுதான் வீல்சேர் கொடுப்பது.

இந்த வழியில் முன்னால் போனவர்களும் இருக்கிறார்கள். ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கர் 1966-இல் கல்லூரியில் படிக்கும்போது மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கரடுமுரடான தரையில் ஓடுகிற ரஃப்ரைடர் என்ற நாற்காலியை ஏழை நாடுகளின் பட்டறைகளோடு சேர்ந்து உருவாக்கினார். எம்ஐடியில் ஏமஸ் வின்டரும் மாணவர்களும் செய்த நெம்புகோல் நாற்காலி இன்னும் எளிமை. இரண்டு பக்கமும் நீளமான கம்பி. மேலே பிடித்துத் தள்ளினால் இழுவை கிடைக்கும், கீழே இறக்கிப் பிடித்தால் வேகம் கிடைக்கும். கியர் பெட்டி இல்லை, கையின் இடமே கியர். செயின், பல்சக்கரம் எல்லாம் சைக்கிள் பாகங்கள், கிராமத்துச் சைக்கிள் கடையில் சரிசெய்யலாம். முதல் மாதிரியை ஆப்பிரிக்காவில் கொடுத்துப் பார்த்தபோது அது பெரிதாக இருந்தது, வீட்டுக்குள் ஓட்டச் சிரமம் என்று உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள். திரும்பப் போய் மாற்றினார்கள். இந்தியாவிலும் ஜெய்ப்பூர் கால் அமைப்போடு சேர்ந்து சோதித்தார்கள்.

வேலூர்க்காரனாக இன்னொரு பெயரையும் விட முடியாது. டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தவர், 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். எங்கள் ஊரில் உட்கார்ந்திருப்பவரே திட்டம் போட்டு அறுபது வருடம் ஆகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் காயில் கட்டுகிறவன், வீல்சேரிலும் இருக்கிறேன் என்று தெரிந்து ஒவ்வொரு வருடமும் இன்ஜினியரிங் மாணவர்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டோடு கடைக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், அக்கறையோடுதான் வருகிறார்கள். குரலுக்கு ஓடுகிற வீல்சேர், கண் அசைவுக்கு ஓடுகிற வீல்சேர், மூளை அலைக்கு ஓடுகிற வீல்சேர். எல்லாம் மருந்துக்கடையில் வாங்கிய அந்த எக்ஸ் சட்ட நாற்காலியின் மேல் கட்டப்பட்டிருக்கும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர்களுக்கு அவை தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டியவர்கள் அப்படி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை என்கிறார்கள். மதிப்பெண் வந்ததும் அந்த நாற்காலி கல்லூரி லேபில் ஒரு மூலையில் நிற்கும், அடுத்த வருடம் வேறு குழு வேறு சென்சார் வைக்கும்.

அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பத்து வீட்டுக்குப் போய்க் கழிவறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள். முன்சக்கரத்தின் பேரிங்கில் தலைமுடியும் மண்ணும் சுற்றிக்கொள்ளாமல் ஒரு மூடி செய்யுங்கள். வெயிலில் கொதிக்காத சீட்டுத் துணி கண்டுபிடியுங்கள், வேலூர் மே மாதத்தில் கறுப்பு ரெக்சின் மேல் உணர்வில்லாத தோல் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூத்திரப் பையை வெளியே தெரியாமல் மாட்ட ஒரு கொக்கி. இதெல்லாம் புராஜெக்ட்டுக்குப் போதாது, புதுமை இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்களாம். ஆசிரியர்களே, தயவுசெய்து இதற்கும் மதிப்பெண் போடுங்கள். போன வருடம் வந்த குழுவில் ஒரு பெண் பிள்ளை அந்த பேரிங் மூடியைத் தேய்ந்த சைக்கிள் டியூப்பில் வெட்டிச் செய்துகொண்டு வந்தாள். இன்னமும் என் பழைய நாற்காலியில் அது இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது.

இனி, யாருக்குப் பொருந்தாது என்பது. கையில் பலமில்லாத முதியவர்கள், எப்போதும் ஒருவர் தள்ளியே ஆக வேண்டியவர்கள், இவர்களுக்கு நியோபோல்ட் வேண்டாம். ஹேண்டிலைத் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் இரண்டு கையும் நம்பகமாக வேலை செய்ய வேண்டும். பக்கவாதத்தில் ஒரு கை போனவர்களின் வீட்டார் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். கால்களில் பலமான இழுப்பு வருகிறவர்கள் பாதம் நழுவாமல் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

முன்சக்கரம் இழுக்கும் எந்த வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் போகும், முன்சக்கரத்தின் பிடி குறையும். ஜல்லி கொட்டிய சாலையிலும் ஈர மண்ணிலும் அப்படித்தான். நியோபோல்ட்டும் முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டிதான், அதனால் ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்த்துப் போகப் பழகுங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலம் நல்ல தார் ரோடு, அதில் நிதானமாக ஏறுகிறேன். வளைவில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், மூன்று சக்கர வண்டி எதுவும் வேகமான வளைவை விரும்பாது. கனமழையில் நான் எடுப்பதில்லை. பேட்டரிக்காக மட்டுமல்ல, தண்ணீர் நின்றால் பள்ளம் தெரியாது.

படிக்கட்டுக்கு இதில் பதில் இல்லை. வங்கிக் கிளை, ரேஷன் கடை, வி.ஏ.ஓ. அலுவலகம், எங்கே போனாலும் மூன்று படி. சாய்தளம் இருக்கும் இடத்திலும் பாதி இடங்களில் அது சறுக்குமரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி, நாலடியில் முடித்துவிடுகிறார்கள். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே வரை வீல்சேர் போக மரப்பாதை திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது. திரும்பவும் சரிசெய்தார்கள் என்பது பெரிய ஆறுதல். வாழ்நாளில் முதல்முறையாக அலையில் கை வைத்தவர்கள் அழுததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாதை போடுகிறவர்களும் கட்டடக் கலை படிக்கிறவர்களும் நாற்காலி செய்கிறவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. நாற்காலி நன்றாகிவிட்டது. வாசல் இன்னும் ஆகவில்லை.

வாங்க முடிவு செய்தவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். அளவு எடுக்கும்போது நீங்கள் வழக்கமாகச் சீட்டின் மேல் போட்டு உட்காரும் மெத்தையை வைத்து, அதன் மேல் உட்கார்ந்து அளவு கொடுங்கள். மெத்தையின் உயரம் மாறினால் கால் பலகையின் அளவு தப்பிவிடும். மெத்தையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டின் ஒவ்வொரு கதவையும், முக்கியமாகக் கழிவறைக் கதவையும், சக்கரத்தின் கைவளையம் வரை சேர்த்து அளந்து பாருங்கள். முன்சக்கரத்தின் பேரிங்கில் சுற்றியிருக்கும் முடியை வாரம் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். டயரில் காற்றைக் குறையவிடாதீர்கள். பேட்டரியைக் காலியாகவே நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு அது நல்லதில்லை. புதிதாக ஓட்டும்போது பக்கத்தில் ஒருவர் நடந்து வரட்டும், முதலில் தெருவுக்குள்ளேயே பழகிவிட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போங்கள். ஒரு சின்ன ஆலன் கீ செட்டும் கொஞ்சம் கேபிள் டையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

காட்பாடிப் பக்கம் இருக்கிறவர்கள், நியோபோல்ட்டை மாட்டிக் கழற்றுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் கடைக்கு வரலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும். நாற்காலி என் அளவுக்குச் செய்தது, உங்களுக்குப் பொருந்தாது. அதனால் அதில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டேப் இருக்கிறது, உங்கள் அளவை எடுத்துக் குறித்துக்கொண்டு போங்கள்.